கோடு தாண்டிய குருவானவர்

1943-இல் ஜெர்மன் படை ரோம் நகரைப் பிடித்தபோது, புனித பேதுரு சதுக்கம் தொடங்கும் இடத்தில் தரையில் ஒரு வெள்ளைக் கோடு இழுத்தார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஹிட்லரின் ஆட்சி. அந்தப் பக்கம் வத்திக்கான் என்னும் சின்னஞ்சிறு தனிநாடு. இந்தப் பக்கம் துப்பாக்கியோடு சிப்பாய்கள் நின்றார்கள். அந்தப் பக்கம், பேராலயப் படிக்கட்டின் மேல், ஆறடிக்கு மேல் உயரமான ஓர் ஐரிஷ் பாதிரியார் செபப் புத்தகத்தை விரித்துக்கொண்டு மாலைதோறும் நிற்பார். செபமும் செய்தார், ஆளுக்கும் காத்திருந்தார். முகாமிலிருந்து தப்பி வந்த போர்க்கைதி, வீட்டுக்குத் திரும்ப முடியாத யூதர், பெயர் தேடப்படும் பட்டியலில் இருக்கும் இத்தாலியர் என்று யார் வந்தாலும் தூரத்திலிருந்தே கண்ணில் படவேண்டும் என்றுதான் அந்த இடத்தைத் தேர்ந்திருந்தார். காவல் நின்ற சிப்பாய்களுக்கும் அவர் கண்ணில் பட்டார். அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை.

ஹியூ ஓஃபிளாஹர்ட்டி என்ற இந்தப் பாதிரியாரின் கதையை 1983 பிப்ரவரியில் அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சி 'தி ஸ்கார்லெட் அண்ட் தி பிளாக்' என்ற பெயரில் முழுநீள நாடகப் படமாக ஒளிபரப்பியது. பாதிரியாராக கிரிகரி பெக். ரோமில் நாஜிப் பாதுகாப்புப் போலீசின் தலைவராக இருந்த ஹெர்பர்ட் காப்லராக கிறிஸ்டோபர் பிளம்மர். பாப்பரசர் பன்னிரண்டாம் பயஸாக ஜான் கில்குட். இசை என்னியோ மோரிக்கோன். நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகியும் இந்தப் படத்தைத் தேடிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். இருக்க வேண்டும். கண் கலங்காமல் பார்க்க முடியாத படம் இது.

ஆனால் கண் கலங்கிய பிறகு ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். ஊரே சேர்ந்து சுமந்த ஒரு பாரத்தை இந்தப் படம் ஒரே ஆளின் தோளில் ஏற்றிவிடுகிறது. பல ஆண்டுகள் பிடித்த ஒரு மன்னிப்பை ஒரே இரவுக்குள் முடித்துவிடுகிறது. இந்த இரண்டு இடத்திலும் உண்மைக் கதை படத்தைவிடப் பெரியது.

முதலில் ஆளைப் பார்ப்போம். 1898-இல் அயர்லாந்தில் பிறந்து கில்லார்னியில் வளர்ந்தவர் ஓஃபிளாஹர்ட்டி. தந்தை கோல்ஃப் மைதானத்தைப் பராமரிக்கும் பணியில் இருந்தார். மகனுக்குக் கடைசிவரை கோல்ஃப் பைத்தியம். பின்னாளில் ரகசிய வேலையில் அவருக்கு வைத்த குறிப்புப் பெயரே 'கோல்ஃப்'தான். இளமையில் அவர் கண்ட அயர்லாந்து, பிரிட்டிஷ் படைகளின் அடக்குமுறையில் ரத்தம் சிந்திய அயர்லாந்து. தெரிந்தவர்களையும் நண்பர்களையும் அந்தத் துப்பாக்கிகளுக்குப் பறிகொடுத்தவர். பிரிட்டனை நேசிக்க அவருக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. உலகப் போர் தொடங்கியபோது இரு தரப்புப் பிரசாரத்தையும் அவர் ஒரே மாதிரி சந்தேகத்தோடுதான் பார்த்தார். அப்படிப்பட்டவர்தான் பிரிட்டிஷ் சிப்பாய்களை ஒளித்துவைப்பதற்காகத் தன் உயிரைப் பணயம் வைத்தார். படத்தில் இந்த முரண் வசனமாக வந்து போகிறது. உண்மையில் அந்த மனிதரைப் புரிந்துகொள்ளச் சாவியே இதுதான். கில்லார்னியில் அவருக்கு எழுப்பியிருக்கும் நினைவிடத்தில் பொறித்திருப்பதும், கடவுளுக்கு நாடு இல்லை என்று அவர் சொன்ன சொல்தான்.

போரின் தொடக்க ஆண்டுகளில் வத்திக்கானின் சார்பில் இத்தாலியப் போர்க்கைதி முகாம்களைப் பார்வையிடும் வேலை அவருக்கு. ஒவ்வொரு முகாமிலும் கைதிகளின் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொண்டு வருவார். அந்தப் பெயர்கள் வத்திக்கான் வானொலியில் வாசிக்கப்படும். மகன் உயிரோடு இருக்கிறானா என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்த குடும்பங்கள் அந்த வானொலிச் சத்தத்தில் பெயரைக் கேட்டுத்தான் மூச்சுவிட்டன. முசோலினி அரசுக்கு இது பிடிக்கவில்லை. நெருக்கடி வந்து அந்தப் பணியிலிருந்து அவர் விலக நேர்ந்தது. ஆனால் முகாம்களில் இருந்தவர்களுக்கு அந்த உயரமான பாதிரியாரின் முகம் மறக்கவில்லை.

1943 செப்டம்பர் 8-ஆம் தேதி இத்தாலி சரணடைந்த செய்தி வெளியானது. முகாம்களின் கதவுகள் திறந்தன. ஆயிரக்கணக்கான கைதிகள் மலைகளிலும் வயல்களிலும் சிதறினார்கள். இரண்டு மூன்று நாளில் ஜெர்மன் படை ரோமுக்குள் நுழைந்துவிட்டது. ஓடியவர்களில் பலருக்குத் தெரிந்த ஒரே ரோம் முகவரி, பேதுரு பேராலயப் படிக்கட்டு.

இங்கேதான் படமும் உண்மையும் பிரிகின்றன. படத்தின் எலும்புக்கூடு ஒரு சதுரங்க ஆட்டம். இந்தப் பக்கம் பெக், அந்தப் பக்கம் பிளம்மர். ஒருவர் நகர்த்த மற்றவர் தடுக்க, மாறுவேடம், துரத்தல், மயிரிழையில் தப்பித்தல் என்று கதை ஓடுகிறது. நாடகத்துக்கு அது தேவைதான். ஓஃபிளாஹர்ட்டி மாறுவேடம் போட்டதும் உண்மை. ரோமின் பெரிய பிரபு குடும்பமான டோரியா பாம்ஃபிலி மாளிகைக்குப் பணம் வாங்கப் போயிருந்த ஒரு நாள், எஸ்.எஸ். படை வீட்டைச் சுற்றி வளைத்துவிட்டது. அன்றைக்கு என்று குளிர்காலத்துக்கான நிலக்கரி லாரியில் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. பாதிரியார் நிலவறைக்கு இறங்கினார். அங்கியைக் கழற்றி ஒரு கோணிக்குள் திணித்தார். முகத்திலும் கையிலும் கரியை அப்பிக்கொண்டார். கோணியைத் தோளில் போட்டுக்கொண்டு, கரி சுமக்கும் கூலி ஆள் போலச் சிப்பாய்களின் நடுவே நடந்து வெளியேறினார். அழுக்குப் பட்டுவிடுமோ என்று சிப்பாய்களே ஒதுங்கி வழிவிட்டார்கள் என்பது இந்தக் கதையைச் சொல்பவர்கள் தவறாமல் சேர்க்கும் தகவல்.

இப்படிப்பட்ட நாள்கள் சில. மற்ற நாள்களெல்லாம் கணக்கு வழக்கு. ஒளிந்திருக்கும் ஆளுக்கு அறை வேண்டும், ரொட்டி வேண்டும், காலணி வேண்டும், போலி அடையாள அட்டை வேண்டும். ரேஷன் இருந்த ஊரில் ஐந்து பேர் வீட்டில் ஒன்பது பேர் சாப்பிட்டால் கள்ளச் சந்தைக்குத்தான் போகவேண்டும், அதற்குப் பணம் வேண்டும். தப்பியோடியவர்களுக்கு இடம் கொடுத்தால் மரண தண்டனை என்று ஜெர்மன் அறிவிப்பு சுவரில் ஒட்டியிருந்தது. தன் பிள்ளைகள் தூங்கும் அறைக்குப் பக்கத்து அறையில் ஓர் அந்நியச் சிப்பாயை வைத்துக்கொள்ளச் சம்மதிப்பது என்றால் என்ன என்பதை, ஒரு நிமிடம் நம் வீட்டு வாசலை நினைத்துப் பார்த்தால்தான் விளங்கும்.

அப்படிச் சம்மதித்தவர்களில் ஒருவர் ஹென்ரியெட்டா ஷெவாலியே. மால்டா நாட்டைச் சேர்ந்த விதவை. மகள்களோடு ஒரு சிறு அடுக்குமாடி வீட்டில் குடியிருந்தார். அந்த வீட்டில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் மாறி மாறித் தங்கினார்கள். படத்தில் வரும் பிரான்செஸ்கா என்ற பெண்ணிடம் இவருடைய சாயல் தெரிகிறது. ஆனால் அந்தப் பாத்திரம் கதாநாயகனின் நெஞ்சுரத்தைக் காட்டப் பயன்படும் அளவுக்குத்தான் வளர்கிறது. வத்திக்கானில் இருந்த பிரிட்டிஷ் தூதர் டார்சி ஆஸ்போர்னின் வீட்டு நிர்வாகப் பணியாளரான ஜான் மே என்பவர், எங்கே என்ன பொருள் கிடைக்கும், யாருக்கு எவ்வளவு கொடுத்தால் காரியம் நடக்கும் என்று விரல்நுனியில் வைத்திருந்தவர். தூதரால் நேரடியாகச் செய்ய முடியாததை எல்லாம் செய்தவர் இவர்தான். நியூசிலாந்துப் பாதிரியார்கள், மால்டா நாட்டுச் சபைச் சகோதரர், அயர்லாந்துத் தூதரின் மனைவியும் நாட்டுப்புறப் பாடகியுமான டெலியா மர்பி என்று இந்த வலை விரிந்துகொண்டே போனது.

இவர்களில் படம் ஓரளவு இடம் கொடுப்பது பிரிட்டிஷ் ராணுவ மேஜர் சாம் டெரிக்கு. கைதிகளை ஏற்றிப்போன ரயிலிலிருந்து குதித்துத் தப்பியவர் டெரி. முட்டைக்கோஸ் குவியலுக்கு அடியில் படுத்து, ஒரு வண்டியில் ரோமுக்குள் வந்து சேர்ந்தார். ஓஃபிளாஹர்ட்டி தங்கியிருந்த கல்லூரி விடுதியிலேயே, அவருடைய அங்கிகளில் ஒன்றைப் போட்டுக்கொண்டு தங்கினார். அந்த விடுதி வத்திக்கானை ஒட்டி இருந்த ஜெர்மானியக் கல்லூரி என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஜெர்மன் படை தேடிக்கொண்டிருந்த ஆட்கள் ஜெர்மானியர் நடத்திய விடுதியில் படுத்து எழுந்தார்கள்.

ராணுவக்காரருக்கே உரிய ஒழுங்கு டெரிக்கு உண்டு. ஓஃபிளாஹர்ட்டி எல்லாவற்றையும் மனத்தில் வைத்துக்கொள்பவர். டெரி எல்லாவற்றையும் எழுதி வைத்தார். யார் எந்த வீட்டில், யாருக்கு எவ்வளவு பணம், யார் கொடுத்தது, யார் வாங்கியது. எதிரியின் கையில் கிடைத்தால் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் அழிந்துபோகும் தாள்கள் அவை. அதனால் இரவானதும் அந்தக் கணக்குத் தாள்களை பிஸ்கட் டின்களில் அடைத்து வத்திக்கான் தோட்டத்து மண்ணுக்குள் புதைத்து வைப்பார்கள். விடுதலைக்குப் பிறகு, உதவிய குடும்பங்களுக்குக் கடன்பட்டதைத் திருப்பிக் கொடுக்க அந்தக் கணக்குத்தான் ஆதாரமானது. ரோம் 1944 ஜூன் 4-ஆம் தேதி விடுதலை ஆனபோது டெரியின் கணக்கில் இருந்தவர்கள் 3,925 பேர். அவர்களில் ரோமுக்குள்ளேயே இருந்தவர்கள் 200 பேருக்கும் குறைவு. மற்றவர்கள் எல்லாம் சுற்றியிருந்த கிராமங்களில், பெயர் எழுதப்படாத விவசாயிகளின் வைக்கோல் அறைகளிலும் மலைக்குகைகளிலும் ஒளிந்திருந்தவர்கள். ஓர் உயரமான பாதிரியார் எவ்வளவு ஓடியிருந்தாலும் தனியாக 3,925 பேருக்குச் சோறு போட்டிருக்க முடியாது.

இப்போது காப்லர். பிளம்மரின் நடிப்பு படத்தின் பெரிய பலம். குழந்தைகளைக் கொஞ்சும் தந்தை, பதவிக்குப் பயப்படும் அதிகாரி, கொலைகாரன் எல்லாம் ஒரே முகத்தில். ஆனால் நல்ல நடிகர் ஒருவர் கொடியவனுக்கு உயிர் கொடுக்கும்போது, பார்ப்பவருக்கு அந்தக் கொடியவன் மேல் ஒரு நெருக்கம் வந்துவிடுகிறது. ஆகவே காப்லர் என்ன செய்தார் என்பதை எண்களாகவே சொல்லிவிடுவது நல்லது.

1943 செப்டம்பர் 26-ஆம் தேதி ரோம் யூத சமூகத்தின் தலைவர்களை அழைத்து, 36 மணி நேரத்துக்குள் 50 கிலோ தங்கம் தர வேண்டும், இல்லையென்றால் 200 பேரை நாடு கடத்துவேன் என்றார். தாலியைப் போல அவர்கள் மதிக்கும் திருமண மோதிரங்கள், சங்கிலிகள், காதணிகள் என்று மக்கள் கழற்றிக் கொடுத்தார்கள். யூதர் அல்லாத ரோம் நகரவாசிகளும் வரிசையில் நின்று கொடுத்தார்கள். காப்லரின் தலைமையகம் இருந்த டாசோ தெருவில் தங்கம் தராசில் நிறுக்கப்பட்டது. எடை குறைகிறது என்று தகராறு செய்து மறுபடியும் நிறுத்தார்கள். 50 கிலோவும் சரியாக இருந்தது. அக்டோபர் 16-ஆம் தேதி விடியற்காலையில் யூதர் குடியிருப்பைச் சுற்றி வளைத்துப் பெண்களையும் குழந்தைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள் ஆஷ்விட்ஸ் மரண முகாமுக்குப் போகும் ரயிலில் ஏற்றப்பட்டார்கள். உயிரோடு திரும்பியவர்கள் 16 பேர்.

1944 மார்ச் 23-ஆம் தேதி ராசெல்லா தெருவில் இத்தாலியப் போராளிகள் வைத்த குண்டில் ஜெர்மன் போலீஸ் படையினர் 33 பேர் இறந்தார்கள். ஒருவருக்குப் பத்துப் பேர் என்று பழிவாங்கும் உத்தரவு வந்தது. பட்டியல் போட்டவர் காப்லர். மறுநாள் நகருக்கு வெளியே ஆர்டியாட்டைன் குகைகளுக்குக் கொண்டுபோய், ஐந்து ஐந்து பேராக உள்ளே அழைத்துப் பிடரியில் சுட்டார்கள். 330 பேர் என்பது கணக்கு. கொல்லப்பட்டவர்கள் 335 பேர். ஐந்து பேர் தவறுதலாக அதிகம் வந்துவிட்டார்கள். பார்த்தவர்களைத் திருப்பி அனுப்ப முடியாது என்று அவர்களையும் சுட்டார்கள்.

அந்த 335 பேரில் ஒரே ஒரு கத்தோலிக்கக் குருவானவர் இருந்தார். பெயர் பியெத்ரோ பாப்பகல்லோ. தெற்கே புலியா பகுதியில் தெர்லிட்சி என்ற ஊரில் 1888-இல் பிறந்தவர். ரோமில் உர்பானா தெருவில் இருந்த அவருடைய வீட்டுக்கு யார் வந்து கதவைத் தட்டினாலும் இடம் கிடைக்கும். சிப்பாய்களுக்குப் போலி அட்டை, பட்டினி கிடப்பவர்களுக்கு உணவு, யூதர்களுக்கு மறைவிடம். உதவி கேட்டு வந்தவன் போல நடித்த ஒருவன் காட்டிக்கொடுத்தான். 1944 ஜனவரி கடைசியில் கைதானார். டாசோ தெருச் சிறையில் இரண்டு மாதம். பிறகு குகை. அங்கே அவரோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்து தப்பிய ஒருவர் பின்னாளில் சாட்சி சொன்னார்: சுற்றியிருந்தவர்கள் ஆசீர்வாதம் கேட்டார்கள், உடல் வலுவுள்ள அந்தப் பாதிரியார் தன் கைக்கட்டை விடுவித்துக்கொண்டு இரு கைகளையும் உயர்த்தி எல்லாரையும் ஆசீர்வதித்தார்.

பாப்பகல்லோவுக்கும் ஒரு தொலைக்காட்சி நாடகம் உண்டு. 2006-இல் இத்தாலிய அரசுத் தொலைக்காட்சியான ராய், 'லா புவோனா பத்தாலியா' என்ற பெயரில் அதை ஒளிபரப்பியது. பாதிரியாராக நடித்தவர் ஃபிளாவியோ இன்சின்னா. ஹாலிவுட் முகங்கள் இல்லாததால் இத்தாலிக்கு வெளியே அதிகம் பேர் பார்க்கவில்லை. அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே, போர் முடிந்த 1945-இல், ரொபெர்த்தோ ரொசெல்லினி 'ரோமா சித்தா அப்பெர்த்தா' படத்தில் தோன் பியெத்ரோ என்ற பாதிரியாரைப் படைத்தார். அந்தப் பாத்திரத்தில் பாப்பகல்லோவும் இருக்கிறார், ஜுசெப்பே மொரோசினி என்ற இளம் குருவானவரும் இருக்கிறார். மொரோசினி 1944 ஏப்ரல் 3-ஆம் தேதி பிராவெத்தா கோட்டையில் துப்பாக்கிப் படை முன் நிறுத்தப்பட்டபோது வயது 31. சுடச் சொல்லப்பட்ட இத்தாலியச் சிப்பாய்களில் பலர் வேண்டுமென்றே குறி தவறிச் சுட்டார்கள் என்றும், கடைசியில் ஓர் அதிகாரி கைத்துப்பாக்கியால் முடித்தார் என்றும் சொல்வார்கள். ரொசெல்லினி படத்தின் இறுதிக் காட்சியைப் பார்த்தவர்களுக்கு இது எங்கே வந்து சேர்கிறது என்று தெரியும். ரோமின் தெருக்களில் ரத்தக்கறை காயும் முன் எடுத்த படம் அது. ஏழைக் குடியிருப்பின் படிக்கட்டு, ரொட்டிக் கடை முன் கூச்சல், அச்சாபீஸ், சிறுவர்களின் பந்து விளையாட்டு என்று ஊர் முழுக்க அதில் இருக்கிறது. பாதிரியார் அந்த ஊரில் ஒருவர். அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு ஊர் பின்னணித் திரையாகிவிட்டது. இரண்டில் எது மேல் என்று கேட்டால், தயங்காமல் ரொசெல்லினியின் வழியைத்தான் சொல்ல வேண்டும்.

அமெரிக்கப் படத்தின் உச்சக்காட்சி கொலோசியத்தில் நடக்கிறது. நேச நாட்டுப் படைகள் ஊர் எல்லைக்கு வந்துவிட்டன. காப்லர் பாதிரியாரை இரவில் தனியாக வரவழைக்கிறார். என் மனைவி மக்களைக் காப்பாற்றுங்கள் என்று கேட்கிறார். பாதிரியார் சீறி விழுந்து மறுத்துவிட்டுப் போகிறார். பிறகு, கைதியாக விசாரணையில் உட்கார்ந்திருக்கும்போதுதான் குடும்பம் பத்திரமாக வெளியேறிய செய்தி காப்லருக்குத் தெரிகிறது. பெக்கும் பிளம்மரும் அந்தக் காட்சியில் காட்டுவது உச்சத் திறமை. ஆனால் அந்தச் சந்திப்பு கதைக்காகக் கட்டப்பட்டது.

நடந்தது வேறு. 1948-இல் ரோம் ராணுவ நீதிமன்றம் காப்லருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. தங்கம் பறித்த குற்றத்துக்குத் தனியாக 15 ஆண்டு. ரோமுக்குத் தெற்கே கடலோரம் கயேட்டா கோட்டைச் சிறையில் அடைத்தார்கள். அவரைப் பார்க்க வந்தவர்கள் மிகச் சிலர். தொடர்ந்து வந்தவர் ஓஃபிளாஹர்ட்டி. ஒரு முறை இரு முறை அல்ல, ஆண்டுக்கணக்கில். வயதான ஒரு பாதிரியார், தன்னைப் பிடிக்க ஆள் வைத்தவரைப் பார்க்கப் பயணம் செய்து, சிறைச்சாலை மேசைக்கு எதிரே உட்கார்ந்து பேசிவிட்டுத் திரும்புவார். அந்த அறையில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எந்தக் கேமராவும் பார்க்கவில்லை. 1959-இல் காப்லர் கத்தோலிக்க மதத்தில் சேர்ந்தார். ஞானஸ்நானம் கொடுத்தவர் ஓஃபிளாஹர்ட்டி. படம் இதை முடிவில் சில வரி எழுத்துகளாகத் திரையில் ஓடவிட்டு முடித்துக்கொள்கிறது. கொலோசியத்துக் கற்பனைக்குக் கொடுத்த நேரத்தில் பாதியையாவது கயேட்டா பயணங்களுக்குக் கொடுத்திருக்கலாம். ஆவேசத்தில் ஒரே கணத்தில் மன்னிப்பது ஒன்று. அடுத்த மாதமும் போவது, அதற்கடுத்த மாதமும் போவது வேறொன்று. குடிகாரக் கணவனையோ சொத்துக்காகக் கோர்ட்டுக்கு இழுத்த அண்ணனையோ மன்னிக்க முயன்ற எவருக்கும் இந்த வேறுபாடு தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஓஃபிளாஹர்ட்டி மன்னித்தது அவருக்கு இழைக்கப்பட்டதை. குகையில் தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளையின் சார்பில் அவரால் மன்னிக்க முடியாது. ஆஷ்விட்ஸ் ரயிலில் போன தாயின் சார்பிலும் முடியாது. படம் பார்த்து முடிக்கும்போது எல்லாக் கணக்கும் நேர்செய்யப்பட்டுவிட்டது போன்ற ஓர் அமைதி நெஞ்சில் பரவுகிறது. அந்த அமைதியை நம்பக் கூடாது. 1977-இல் புற்றுநோய் முற்றி ரோம் ராணுவ மருத்துவமனையில் இருந்த காப்லர், மனைவியின் உதவியோடு தப்பி மேற்கு ஜெர்மனிக்குப் போய்விட்டார். இத்தாலி கொதித்தது. திருப்பி அனுப்பக் கேட்டும் மேற்கு ஜெர்மனி அனுப்பவில்லை. 1978 பிப்ரவரியில் அங்கேயே இறந்தார். 335 குடும்பங்களுக்கு இந்தக் கதை அப்படித்தான் முடிந்தது. ஐந்தாண்டு கழித்து எடுத்த படம் இதைத் தொடவே இல்லை.

ஓஃபிளாஹர்ட்டி இவற்றில் எதையும் பார்க்கவில்லை. 1960-இல் பக்கவாதம் வந்து ஊர் திரும்பினார். அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில், கஹர்சிவீன் என்ற சிற்றூரில் சகோதரியின் வீட்டில் கடைசி நாள்களைக் கழித்து, 1963 அக்டோபர் 30-ஆம் தேதி இறந்தார். பிரிட்டனும் அமெரிக்காவும் பதக்கம் கொடுத்தன. கில்லார்னியில் சிலை வைக்க 2013 வரை ஆனது.

இந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் பாருங்கள். வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் இருந்தால் உடன் வைத்துக்கொண்டு பாருங்கள். முடிந்ததும் ரொசெல்லினியின் படத்தையும் தேடிப் பாருங்கள். ரோம் போக வாய்ப்புக் கிடைத்தால், பேதுரு சதுக்கத்தைப் பார்த்த கையோடு டாசோ தெருவுக்கும் போய் வாருங்கள். காப்லரின் தலைமையகம் இப்போது விடுதலை அருங்காட்சியகம். சாதாரணக் குடியிருப்புக் கட்டடம்தான். சிறை அறைகளின் சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தது அப்படியே இருக்கிறது. சுவரில் கைதிகள் கீறிய எழுத்துகளும் அப்படியே இருக்கின்றன.

ஆர்டியாட்டைன் குகைகளில் இப்போது 335 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 24-ஆம் தேதி அங்கே கூடி, கொல்லப்பட்டவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்கிறார்கள். பாப்பகல்லோவின் பெயரும் அந்த வரிசையில்தான் வருகிறது.